நடுங்கிய தரை நினைவிருக்கிறது

1995 ஜனவரி 17. அதிகாலை 5.46க்கு ஜப்பானின் கோபே நகரத்தைக் குலுக்கிய நிலநடுக்கம் சுமார் இருபது விநாடிதான் நீடித்தது. அதற்குள் கனமான ஓடு வேய்ந்த பழைய மரவீடுகள் வரிசை வரிசையாகச் சரிந்தன. தூண்களின் மேல் ஓடிய ஹான்ஷின் விரைவுச்சாலையின் ஒரு பகுதி அப்படியே சாய்ந்து தரையில் படுத்தது. பல இடங்களில் தீப்பிடித்தது. இறுதிக் கணக்கில் இறந்தவர்கள் 6,434 பேர். பிழைத்தவர்கள் அந்த விடியலைச் சாகும்வரை மறக்கமாட்டார்கள் என்று எல்லாரும் சொன்னார்கள்.

மறதியே நோயாக வந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவர்களும் அந்த விடியலில் அங்கேதானே இருந்தார்கள்?

கோபே அமைந்திருக்கும் ஹ்யோகோ மாகாணத்திலேயே ஹிமேஜி என்ற ஊரில், முதுமையில் மூளைக்கு வரும் நோய்களை ஆராயும் நிறுவனம் ஒன்று இருந்தது. அங்கே வந்த அல்சைமர் நோயாளிகளில் 51 பேர் நிலநடுக்கத்தின்போது தங்கள் வீட்டிலேயே இருந்தவர்கள். மருத்துவர்கள் அவர்களிடம் இரண்டு விஷயங்களைப் பற்றி விசாரித்தார்கள். ஒன்று, நிலநடுக்கம். மற்றொன்று, அவர்களுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன். ஸ்கேனும் சாதாரண அனுபவம் இல்லை. குறுகிய குழாய்க்குள் அசையாமல் படுத்திருக்க வேண்டும். காதைத் துளைக்கும் சத்தம் விடாமல் கேட்கும். அன்றாட வாழ்க்கையில் நடக்காத ஒன்று என்ற வகையில் இரண்டும் ஒன்றே. வித்தியாசம், ஒன்றில் உயிர்பயம் இருந்தது.

ஸ்கேன் எடுத்தது 16 பேருக்கு நினைவிருந்தது. நிலநடுக்கம் 44 பேருக்கு நினைவிருந்தது.

1998இல் வெளிவந்த இந்த ஆய்வை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. நினைவு பற்றிய சோதனைகள் பெரும்பாலும் சொற்பட்டியலையோ படங்களையோ காட்டி நடத்தப்படுபவை. 'நாற்காலி, ரயில், எலுமிச்சை' என்று படித்துக்காட்டி, ஐந்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். எலுமிச்சையை மறந்தால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. வீடு இடிந்து தலைமேல் விழுவதை எந்த ஆய்வகத்திலும் நடத்திப் பார்க்க முடியாது, நடத்தவும் கூடாது. கோபேயில் அதை இயற்கை நடத்திவிட்டது. உண்மையான பயம் நோயாளியின் நினைவில் என்ன செய்கிறது என்று கிட்டே போய்ப் பார்க்க முடிந்தது.

ஊர் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததும், தொலைக்காட்சி அதையே காட்டிக்கொண்டிருந்ததும் அந்த நினைவுக்கு உதவியிருக்கும் என்பதை மறுக்க முடியாது. ஆனால் திரும்பத் திரும்பக் கேட்பது மட்டுமே போதுமென்றால், வீட்டார் தினமும் பத்து முறை சொல்லும் செய்திகளும் இந்த நோயாளிகளுக்குத் தங்கியிருக்க வேண்டும். அவை தங்குவதில்லை என்பது மறதிநோயாளி இருக்கும் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவு இதைவிட ஆழமானது. பயம் சம்பவத்தைக் காப்பாற்றியது. அதன் சூழலைக் காப்பாற்றவில்லை. தரை நடுங்கியது தெரியும். அது எப்போது, அப்போது என்ன நிலைமை, சுற்றிலும் என்ன நடந்தது என்ற விவரங்களில் அவர்கள் தடுமாறினார்கள். நடுவில் இருந்த அதிர்ச்சி மிஞ்சி, அதைச் சுற்றியிருந்த அனைத்தும் உதிர்ந்திருந்தன.

நோயில்லாதவர்களுக்கும் இது ஓரளவு நேர்வதுதான். 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறிய மறுநாள் காலையில், அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் ஒரு படிவம் கொடுத்தார். செய்தியை எங்கே கேட்டாய், யார் சொன்னார், என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அதில் எழுதச் சொன்னார். ஏறக்குறைய மூன்றாண்டுகள் கழித்து அதே கேள்விகளைத் திரும்பக் கேட்டபோது, பலருடைய பதில் முதலில் எழுதியதோடு பொருந்தவே இல்லை. ஆனால் தங்கள் நினைவு துல்லியமானது என்று அவர்கள் உறுதியாக நம்பினார்கள். சொந்தக் கையெழுத்தைக் காட்டிய பிறகும், இப்போது நினைவில் இருப்பதுதான் சரி என்றே சிலர் சாதித்தார்கள். உணர்ச்சி ஒரு நினைவை வலுவாக்கும். அதைச் சரியானதாக்கும் என்று சொல்ல முடியாது.

மூளைக்குள் என்ன நடக்கிறது? காதுக்கு நேர் உள்ளே, பொட்டுமடலின் உட்பக்கத்தில், ஹிப்போகாம்பஸ் என்ற வளைந்த பகுதி இரு பக்கமும் உண்டு. எங்கே, எப்போது, யாரோடு, எதற்குப் பிறகு எது என்று ஒரு நிகழ்ச்சியின் இழைகளைக் கோத்து வைப்பது அதன் வேலை. அதற்குச் சற்று முன்னால், பாதாம் பருப்பளவில் இருப்பது அமிக்டலா. ஆபத்தோ அதிர்ச்சியோ வந்தால் அது விழித்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரந்து இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூளைக்குள் நார்அட்ரினலின் பெருகுகிறது. அந்த வேளையில் அமிக்டலா ஹிப்போகாம்பஸுக்கு அனுப்பும் சமிக்ஞையால் அப்போது பதியும் நினைவு அழுத்தமாகப் பதிகிறது. பாடப்புத்தகத்தில் முக்கியமான வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போடுவது போன்ற வேலை இது.

கலிபோர்னியாவில் ஜேம்ஸ் மெக்காவும் லாரி கேஹிலும் 1994இல் இதை ஒரு மாத்திரையால் சோதித்தார்கள். நம் ஊர் மருந்துக்கடையிலும் கிடைக்கும் புரோப்ரனோலால்தான் அது. ரத்த அழுத்தத்துக்கும் படபடப்புக்கும் மருத்துவர்கள் எழுதித் தருவது. அட்ரினலினின் வேலையைத் தடுப்பது. ஒரு தாயும் மகனும் தெருவில் போகும்போது சிறுவன் காரில் அடிபடும் கதையைப் படங்களோடு காட்டினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால், மாத்திரை போடாதவர்களுக்கு விபத்துப் பகுதி மற்றப் பகுதிகளைவிடத் தெளிவாக நினைவிருந்தது. மாத்திரை போட்டுக்கொண்டு பார்த்தவர்களுக்கு அந்தக் கூடுதல் தெளிவு இல்லை. கதையின் சாதாரணப் பகுதிகளை இரு சாராரும் ஒரே அளவில் நினைவில் வைத்திருந்தார்கள். கோடு மட்டும் விழவில்லை.

அல்சைமர் நோய் முதலில் அரிப்பது ஹிப்போகாம்பஸையும் அதன் வாசலில் இருக்கும் பகுதிகளையும். காலையில் சாப்பிட்டது மாலையில் நினைவில்லாமல் போவது அதனால்தான். அமிக்டலாவும் தப்புவதில்லை, ஆனால் எல்லாரிடமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. எட்சுரோ மோரியும் சக ஆய்வாளர்களும் நிலநடுக்கத்தில் சிக்கிய நோயாளிகளில் 36 பேரின் ஸ்கேன்களை அளந்து 1999இல் வெளியிட்டார்கள். அன்று தனக்கு நேர்ந்ததை யார் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார் என்பது அவருடைய அமிக்டலா எவ்வளவு மிஞ்சியிருந்தது என்பதோடு பொருந்தி வந்தது.

இதோடு நிறுத்தினால், உணர்ச்சி நிறைந்த வாழ்க்கை நிகழ்ச்சிகள் மறதிக்குத் தப்பிவிடும் என்ற நம்பிக்கை வரும். அந்த நம்பிக்கையை டொரான்டோவின் கென்ட் காக்ரேனின் வாழ்க்கை அனுமதிக்காது. 1981இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவருடைய இரு ஹிப்போகாம்பஸும் பெருமளவு அழிந்தன. எண்டல் டல்விங் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் அவரை ஆராய்ந்தார். காக்ரேனுக்கு அறிவு மங்கவில்லை. சதுரங்கம் ஆடுவார். பள்ளியில் படித்தது தெரியும். குடும்பத்துக்கு ஒரு கோடைக்கால வீடு உண்டு, அது எங்கே இருக்கிறது என்றும் தெரியும். அந்த வீட்டில் தான் இருந்த ஒரே ஒரு நாளைக்கூட அவரால் மனத்துக்குள் கொண்டுவர முடியவில்லை. 1979இல் மிசிசாகாவில் நச்சு ரசாயனம் ஏற்றிய ரயில் தடம்புரண்டு இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள்; அவர் குடும்பமும் அதில் வீட்டை விட்டு ஓடியது. அதுவும் இல்லை. உடன்பிறந்தவர் ஒருவர் துயரமான முறையில் இறந்துபோனார். அந்த நாளும் இல்லை. அப்படி நடந்தது என்று பிறர் சொல்லி அறிந்திருப்பார். அந்த நாளுக்குள் திரும்பிப் போக அவருக்கு வழியில்லை.

நடந்ததை அறிந்திருப்பதும், அந்த நேரத்துக்குள் மறுபடி நின்று அதை அனுபவிப்பதும் வேறு வேறு என்று டல்விங் 1972இலேயே பிரித்துக் காட்டியிருந்தார். காக்ரேன் அந்தப் பிரிவுக்கு உயிருள்ள சான்றாக 2014 வரை வாழ்ந்தார். கோடு எத்தனை அழுத்தமாகப் போட்டிருந்தாலும் பக்கமே கிழிந்துபோனால் என்ன செய்ய முடியும்?

ஹென்றி மொலைசனின் கதை இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. வலிப்பு நோயைக் கட்டுப்படுத்த 1953இல், அவருடைய 27ஆம் வயதில், இரு பக்க ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியையும் அமிக்டலாவையும் அறுவை செய்து எடுத்தார்கள். அதன்பிறகு 2008இல் இறக்கும்வரை புதிதாக நடந்த எதுவும் அநேகமாக அவரிடம் தங்கவில்லை. அவருக்கு ரொம்பப் பிடித்த மாமா ஒருவர் இறந்தார். செய்தி சொன்னபோது மொலைசன் மிகவும் கலங்கிப்போனார். பிறகு மறந்தார். மாமா எப்போது வருவார் என்று கேட்டார். மறுபடி சொன்னார்கள்; மறுபடி அதே கலக்கம். அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் இதைப் பதிவு செய்திருக்கிறார். துக்கம் அனுபவத்தில் தேய வேண்டுமென்றால், இறந்தது நேற்றும் தெரிந்திருந்தது, போன மாதமும் தெரிந்திருந்தது என்ற தொடர்ச்சி தேவை. அந்தத் தொடர்ச்சி இல்லாதவருக்கு ஒவ்வொரு சாவுச் செய்தியும் முதல் செய்திதான்.

இதைப் படிக்கும்போது பலருக்குத் தங்கள் வீடு நினைவுக்கு வரும். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. அத்தனை வீடுகளிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்தப் பேச்சு நடக்கிறது.

“தாத்தா இன்னும் வரலையா?”

“தாத்தா போயி ஆறு வருஷம் ஆச்சு பாட்டி. எத்தன வாட்டி சொல்றது?”

சொல்பவருக்கு ஐம்பதாவது முறை. கேட்பவருக்கு முதல் முறை. அந்த அழுகை நடிப்பில்லை, பிடிவாதமில்லை. கொஞ்ச நேரத்தில் பாட்டி செய்தியை மறந்துவிடுவார், அதனால் பரவாயில்லை என்று வீட்டில் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். அந்த ஆறுதல் சரியா? செய்தி மறந்தால் வருத்தமும் உடனே போய்விடுமா?

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இதை நேராகவே சோதித்தார்கள். முதலில், 1995இல், அன்டோனியோ தமாசியோவின் குழு ஓர் எளிய பரிசோதனை செய்தது. பல வண்ணங்களைத் திரையில் காட்டி, நீலம் வரும்போது மட்டும் கப்பல் சங்கு ஒன்றைப் பேரோசையோடு ஒலிக்கவிட்டார்கள். கையில் வியர்வை சுரப்பதை மின்கருவி அளந்தது. அமிக்டலா மட்டும் அழிந்திருந்தவர், நீலத்தோடு சங்கு ஒலிக்கும் என்று அழகாக விளக்கிச் சொன்னார். ஆனால் நீலத்தைப் பார்த்தபோது அவர் உடம்பு அசையவில்லை. ஹிப்போகாம்பஸ் மட்டும் அழிந்திருந்தவருக்கு எந்த வண்ணத்தோடு என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. நீலம் தோன்றியதும் அவருக்கு வியர்த்தது. சம்பவத்தின் கணக்கு ஓரிடம், அதன் பயம் வேறிடம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம்.

அடுத்து, அதே பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் ஃபைன்ஸ்டைனும் டேனியல் டிரானலும் ஹிப்போகாம்பஸ் சேதமடைந்த ஐந்து பேருக்குச் சோகமான திரைப்படக் காட்சிகளையும், வேறொரு வேளையில் மகிழ்ச்சியான காட்சிகளையும் காட்டினார்கள். 2010இல் அது வெளியானது. 2014இல் எட்மாரி குஸ்மான்-வெலெஸ் அதே சோதனையை 17 அல்சைமர் நோயாளிகளிடமும், நோயில்லாத 17 பேரிடமும் நடத்தினார். படம் முடிந்த சில நிமிடங்களில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். நோயாளிகளுக்கு மிகக் கொஞ்சமே நினைவிருந்தது. படம் பார்த்ததே நினைவில்லை என்று சொன்னவரும் உண்டு. ஆனால் எப்படி இருக்கிறது மனசு என்று கேட்டால், சோகக் காட்சி பார்த்தவர் சோகமாகவே இருந்தார். மகிழ்ச்சிக் காட்சி பார்த்தவர் மகிழ்ச்சியாகவே இருந்தார். அரைமணி நேரம்வரை அந்த உணர்வு மிஞ்சியிருந்தது.

அந்த ஆய்வில் என்னை உலுக்கிய முடிவு வேறு. காட்சிகளை எவ்வளவு குறைவாக நினைவில் வைத்திருந்தார்களோ, அவ்வளவு நீண்ட நேரம் அவர்களுடைய சோகம் நீடித்தது.

யோசித்தால் காரணம் ஓரளவு புரிகிறது. அழவைக்கும் படம் பார்த்துவிட்டு வெளியே வரும் நாம், அது படம்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். சோகத்துக்குக் காரணம் இன்னதென்று தெரிவதால் அதோடு பேச முடிகிறது, அதை ஓரமாக வைக்க முடிகிறது. காரணத்தைத் தொலைத்தவரிடம் நெஞ்சில் பாரம் மட்டும் இருக்கிறது. எதனால் என்று அவருக்கே தெரியாது. ஆகவே அவர் காரணம் தேடுவார். பக்கத்தில் யார் இருக்கிறாரோ, எது கண்ணில் படுகிறதோ, அது காரணமாகிவிடும். காலையில் குளிக்க வைப்பதில் நடந்த சண்டை பாட்டிக்குப் பத்து மணிக்கெல்லாம் மறந்துவிட்டது. பதினொரு மணிக்கு, “என் வளையலை யாரோ எடுத்துட்டாங்க” என்று அவர் கத்துவதற்கும் அந்தச் சண்டைக்கும் தொடர்பே இல்லை என்று நாம் எப்படி உறுதியாகச் சொல்லமுடியும்?

அதனால், இறந்தவரைத் தேடும் ஒருவரிடம் ஒவ்வொரு முறையும் சாவைப் புதிதாக அறிவிப்பதை உண்மை பேசுதல் என்று எண்ணிக்கொள்வது தவறு என்றே நான் நினைக்கிறேன். செய்தி தங்கப் போவதில்லை. துயரம் மட்டும் தங்கப் போகிறது. பொய் சொல்லியே தீரவேண்டும் என்பதும் இல்லை. “தாத்தா ஞாபகம் வந்துடுச்சா பாட்டி? அவரு கடைக்குப் போனா என்ன வாங்கிட்டு வருவாரு?” என்று கேட்டால், பாட்டி பேசத் தொடங்குவார். இளமையில் நடந்தவை நோயின் ஆரம்பத்தில் பெரும்பாலும் அதிகம் சிதைவதில்லை. பிரெஞ்சு உளவியலாளர் தியோடுல் ரிபோ 1881இலேயே இந்த ஒழுங்கைக் கவனித்து எழுதினார். புதியது முதலில் போகும், பழையது கடைசியில். கல்யாணமான புதிதில் தாத்தா வாங்கிவந்த அல்வாவைப் பற்றிப் பேசும் பாட்டியின் முகத்தில் வரும் மலர்ச்சியும், அயோவா ஆய்வு காட்டியபடி, பேச்சு மறந்த பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் நடத்தும் தேர்வையும் நிறுத்திவிடலாம். “என்னை யாருன்னு தெரியுதா? சொல்லுங்க பாப்போம்” என்று உறவினர் ஒவ்வொருவரும் கேட்பதில் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எல்லார் முன்னாலும் பதில் தெரியாமல் விழிப்பதன் கூச்சமும் ஓர் உணர்ச்சிதான். கேள்வியையும் கேட்டவரையும் மறந்த பிறகு அது மிஞ்சி நிற்கும். “நான் உங்க தம்பி மக செல்வி, அத்தை” என்று தானாகவே சொல்லிவிட்டு உட்காருவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இதுவரை சொன்னதில் அமிக்டலாவுக்கு நான் பெரிய இடம் கொடுத்திருக்கிறேன். அதுவும் போய்விட்டால்? நோய் முற்றும்போது அதுவும் சுருங்கத்தான் செய்கிறது. அப்போது உணர்வின் தடம்கூட விழாதா?

இதற்குப் பதில்போல ஒரு மனிதர் இருந்தார். ஹெர்ப்பிஸ் கிருமி மூளையைத் தாக்கியதில் இரு பக்க ஹிப்போகாம்பஸும் இரு பக்க அமிக்டலாவும் அழிந்தவர். தமாசியோ தன் நூலில் அவரை டேவிட் என்று அழைக்கிறார். எந்தப் புது முகத்தையும் அவரால் கற்றுக்கொள்ள முடியாது. ஒருவரை எத்தனை முறை பார்த்தாலும் முதல் முறைதான். ஆனாலும் அவர் சிலரிடம் தானாகப் போவதையும் சிலரிடமிருந்து விலகுவதையும் கவனித்தார்கள். அது தற்செயலா என்று பார்க்க, டிரானலும் தமாசியோவும் ஐந்து நாள் பரிசோதனை ஒன்றை வகுத்தார்கள். மூன்று பேர் அவரோடு பழகினார்கள். ஒருவர் அன்பாக இருந்து, கேட்டதையெல்லாம் கொடுத்தார். இன்னொருவர் நல்லதும் கெட்டதும் இல்லாமல் வேலையோடு நின்றார். மூன்றாமவர் கேட்டதையெல்லாம் மறுத்து, சலிப்பூட்டும் சோதனைகளைச் செய்யவைத்தார். அந்த மூன்றாவது வேடத்தை ஓர் இளம் பெண் ஆய்வாளருக்குக் கொடுத்திருந்தார்கள். இயல்பில் இனிமையானவர், பார்க்க அழகானவர், சாதாரணமாக டேவிட்டுக்குப் பிடித்துப்போகக் கூடியவர்.

பிறகு புகைப்படங்களை அடுக்கி, உதவி வேண்டுமென்றால் இவர்களில் யாரிடம் போவீர்கள் என்று கேட்டார்கள். யாரையும் தெரியாது என்றார் டேவிட். தெரியாமலேயே, நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட முறை அன்பாக இருந்தவரையே தேர்ந்தெடுத்தார். மறுத்தவரை அநேகமாகத் தொடவே இல்லை. ஒரு நாள் நடைபாதையில் திரும்பும்போது சில அடி தூரத்தில் அந்தப் பெண் தனக்காகக் காத்திருப்பதைக் கண்டு டேவிட் ஒரு கணம் ஒடுங்கி நின்றுவிட்டார். பிறகுதான் அறைக்குள் போகச் சம்மதித்தார். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டபோது, ஒன்றுமில்லை என்றார்.

ஹிப்போகாம்பஸும் இல்லை, அமிக்டலாவும் இல்லை; அப்படியிருந்தும் யார் நல்லவர், யார் தொல்லை தருபவர் என்று அந்த மூளை கற்றுக்கொண்டது. 1993இல் டிரானலும் தமாசியோவும் இதை வெளியிட்டபோது சொன்ன முடிவும் அதுவே: இந்த வகைக் கற்றலுக்கு அவ்விரு பகுதிகளும் கட்டாயமில்லை. மூளையின் வேறு இடங்களும் இந்த வேலையைச் செய்கின்றன.

முதியோர் இல்லங்களில் வேலை செய்பவர்களுக்கு இது பழகிய காட்சியாக இருக்கும். ஓர் ஆயா குளிக்கக் கூப்பிட்டால் பேசாமல் எழுந்து வருகிறவர், இன்னோர் ஆயா கூப்பிட்டால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறார். கேட்டால் இருவர் பெயரும் அவருக்குத் தெரியாது, முன்பு பார்த்ததே இல்லை என்பார். நோட்டில் 'ஒத்துழைப்பதில்லை' என்று எழுதுவதற்கு முன்னால், இரண்டாவது ஆயா கூப்பிட்டபோதெல்லாம் தண்ணீர் சூடாக இருந்ததா, ஜில்லென்று இருந்ததா என்று ஒருமுறை விசாரிக்கலாம்.